இரண்டு விநாடி

சாவியை முதல் திருப்பில் நிறுத்தினால்
இரண்டு விநாடி ஒரு முனகல் வரும்,
பின் ஸீட்டுக்குக் கீழே, டேங்கின் வயிற்றிலிருந்து.
பதினோரு வருசமாய் இந்த வேனை ஓட்டுகிறேன்.
அதைக் கேட்டதாக நினைவில்லை.

டிக்கோயா தாண்டி மூன்றாம் வளைவில்
ஏற்றத்தின் நடுவே திணறி நின்றது.
பின் சில்லுக்குக் கல் வைத்தேன்.
உள்ளே ஒன்பது பிள்ளைகள், ஒன்பது புத்தகப் பைகள்,
யாரோ ஒருத்தரின் சாப்பாட்டில் கருவாட்டு வாசம்.
ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது,
பற்றிக்கொள்ளவில்லை.
ஹோர்ன் அடித்தது. வைப்பர் ஆடியது.
ஓரத்து ஸீட்டிலிருந்து லோஜிதா சொன்னாள்,
"அண்ணே, இன்னைக்கு அது ம்ம்ம்னு சொல்லவே இல்லயே."

எது?
"நான் இருக்கிற எடத்துக்குக் கீழ. தெனமும் சொல்லுமே.
போன கெழமை வேற மாதிரி சொல்லிச்சு. நுளம்பு மாதிரி."

போன கிழமை.
நோர்வூட் ஏற்றத்தில் வேன் இழுக்காமல் சோம்பியதும்
இறக்கத்தில் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியதும்
போன கிழமைதான்.
நான் பிளக்கைக் குற்றம் சொன்னேன். பிறகு குளிரை.

போனில் பௌமி நானா கேட்டது ஒன்றே:
"டேங்குக்குக் கீழ தட்டிப் பார்த்தீங்களா?"
ஈரத் தாரில் மல்லாந்து படுத்து,
சப்பாத்தைக் கழற்றிக் குதியால் தட்டினேன்,
அந்நியர் வீட்டுக் கதவைப்போல் முதலில் மரியாதையாக,
அப்புறம் மரியாதை இல்லாமல்.
ம்ம்ம்.
ஒன்பது பேரும் கை தட்டினார்கள்.
"ஒருக்காத்தான் அது ஏமாறும்" என்றார் நானா,
"எங்கயும் நிப்பாட்டாதீங்க."
ஹட்டன் வரைக்கும் பிரேக்கைக்கூடப் பயந்து மிதித்தேன்.

பதினொரு மணிக்கு டேங்க் கழன்று தரையில் கிடந்தது.
சிகரட்டோடு வந்தவனை நானா தெருவுக்கே விரட்டினார்.
உள்ளேயிருந்து வந்தது,
டோர்ச் பெட்டரி இரண்டை ஒட்டிவைத்த நீளத்தில் ஒரு மோட்டர்.
இதயம் என்று சொல்ல ஆசைதான்.
நானா முகர்ந்து பார்த்து, கருகல், என்றார்.
அடியிலிருந்த சல்லடையில் கறுப்புச் சேறு,
டஸ்ட் தேயிலை வடித்த துணிபோல.

பெற்றோலுக்குள் மூழ்கியே கிடக்கிற சாமான் அது.
மேலே தள்ளுவதும் பெற்றோல், அதை ஆறவைப்பதும் பெற்றோல்.
டேங்க் வற்றினால்
தலை வெளியே நிற்க, தன் சூட்டில் தானே வேகும்.
"எவ்வளவுக்கு அடிப்பீங்க?"
ஆயிரத்துக்கு, என்றேன். சில நாள் ஐநூறுக்கு.
வரிசையில் நின்ற வருசத்திலிருந்து
சிவப்பு லைட் எரிந்தபடியே ஓடிப் பழகிவிட்டது.
எரியாத நாளில்தான் டாஷ்போர்ட் வெறிச்சென்றிருக்கும்.

பிள்ளைகளின் காசு வருவது பத்தாம் திகதி,
தோட்டத்தில் சம்பளம் போட்டால்.
லீசிங்காரன் ஐந்தாம் திகதியே கூப்பிடுவான்.
இடையில் ஐந்து நாள் வேன் ஓடுவது
டேங்கின் அடியில் ஒரு சிரட்டை பெற்றோலில்.
அந்த ஐந்து நாள்களின் சூடெல்லாம், மாசாமாசம்,
இதற்குள்தான் போயிருக்கிறது.

"சைனாப் பம்ப் எட்டாயிரத்தி ஐநூறு.
ஜப்பான்ல கழட்டினது, பஞ்சிகாவத்தயிலருந்து வரணும், பதினாறு.
அங்க அது எத்தன நாள் காஞ்சு கெடந்திச்சோ
அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."
சைனா. புதுச் சல்லடை. புது ரப்பர் வளையம்.
பழைய வளையத்தையே போடலாமே என்று கேட்டேன்.
நானா காதில் வாங்கவில்லை.

"கால் டேங்குக்குக் கீழ விடாதீங்க."
நேராகச் செட்டுக்குப் போனேன்.
பையன் குழாயைக் கையில் எடுத்தான்.
புல் டேங்க் என்பது நாக்கு வரை வந்தது.
பர்ஸைத் திறந்தேன்.
"ரெண்டாயிரம்."
லைட் அணைந்தது. முள் நூலளவு எழுந்தது.

மறுநாள் ஆறேகால். லயத்துப் படிக்கட்டோரம்
சாவியை முதல் திருப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
பின்னால் லோஜிதா கையைத் தூக்க
எட்டுப் பேரும் வாயை மூடினார்கள்.

"புதுசுக்குச் சத்தம் சின்னது" என்றாள்.
பிறகுதான் திருப்பினேன்.